அகிற்புகையும் ஆளின் மணமும்

திண்டுக்கல் நகரைவிட்டுச் சிறுமலைக்கு ஏறுவோர் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கீழே இருக்கும்வரை தூசியும் வெயிலும்தாம். மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கின்றது. அதன் வாசனையும் மாறுகின்றது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சென்றால், நனைந்த மரப்பட்டையின் மணமும், தோட்டங்களில் சருகு கூட்டி எரிக்கும் புகையின் மணமும் கலந்து வருவதை நுகரலாம். மலை வாழைக்காகப் பலரும் அறிந்த ஊர் அது. 2008-ஆம் ஆண்டில் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் ஒருமுறை சென்று வந்தவர் உள்ளத்தில் பழத்தின் சுவையைவிட அந்தப் புகை கலந்த மர வாசமே நெடுநாள் தங்கிவிடுவதுண்டு.

மரமும் புகையும் சேர்ந்த இந்த மணத்தைத்தான் அரபு நாட்டார் ‘ஊது’ என்று போற்றுகின்றனர். நம் தமிழ் முன்னோர் அதனை ‘அகில்’ என்றனர். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாயிலில் சிறு பெட்டியுடன் அமர்ந்திருக்கும் அத்தர் வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள். மல்லிகை அத்தரைக் காட்டும்போது “மென்மையானது” என்பார். ரோஜாவைக் காட்டி “எல்லாருக்கும் பிடிக்கும்” என்பார். ஊதைத் திறக்கும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்தி, “இது பெரிய மனுஷங்க போடுறது, ஹஜ்ரத்” என்பார். ஒரு மணம் ஓர் ஆளை நம் கண்முன் நிறுத்துகின்றது என்பது வியாபாரிக்கும் தெரிந்திருக்கின்றது. அப்படி நிறுத்தப்படும் ஆள் யார், அவர் உண்மையிலேயே பெரிய மனிதர்தாமா என்பது மார்க்கக் கண்கொண்டு பார்க்க வேண்டிய விஷயம்.

மணத்தைக் கொண்டு மனிதரை அறியும் நிகழ்ச்சியைத் திருக்குர்ஆனே நமக்கு எடுத்துரைக்கின்றது. நபி யூசுஃப் (அலை) அவர்களின் சட்டையைச் சுமந்துகொண்டு ஒட்டகக் கூட்டம் மிஸ்ரு நாட்டைவிட்டுப் புறப்படுகின்றது. அவ்வேளையிலேயே, தொலைவில் கன்ஆனில் இருந்த தந்தை யஃகூப் (அலை) அவர்கள், யூசுஃபின் வாசனை தமக்குக் கிட்டுவதாகவும், தம்மை அறிவு தடுமாறியவர் என்று நீங்கள் கருதாதிருக்க வேண்டுமே என்றும் தம் அருகிலிருந்தோரிடம் கூறினார்கள். இது 12-ஆவது அத்தியாயத்தின் 94-ஆவது வசனத்தில் வருகின்றது. அந்தத் தொலைவு எட்டு நாள் பயண தூரம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். அழுதழுது பார்வை இழந்த முதியவருக்கு மகனைப் பற்றிய முதற் செய்தி மூக்கின் வழியாகவே வந்தது. அந்தச் சட்டையில் எந்த அத்தர் தடவப்பட்டிருந்தது என்று இறைமறை கூறவில்லை. தந்தை நுகர்ந்தது மகனின் மணத்தை.

இதனை மறவாமல் அகிலின் பக்கம் வருவோம்.

அகில் மரம் அஸ்ஸாமிலும் அதனைச் சூழ்ந்த வடகிழக்கு நாடுகளிலும், மலாயா, சுமத்ரா முதலிய கீழ்த்திசைப் பகுதிகளிலும் வளர்கின்றது. சிலப்பதிகாரத்தில், கீழ்க்காற்றின் துணையால் கலங்களில் வந்திறங்கிய பொருள்களுள் அகிலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய செய்தி பழந்தமிழ்ச் செய்யுள்களில் மலிந்து கிடக்கின்றது. மேற்கு மலைத் தொடரில் வெள்ளகில் என்றொரு மரம் உண்டு. அது வேறு இனம். அகில் என்ற சொல்லையும், எபிரேய, கிரேக்க மொழிகளில் இதே மரத்திற்கு வழங்கும் சொற்களையும் ஒரே வேரிலிருந்து பிறந்தவையென மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர். மணப்பொருளோடு அதன் பெயரும் கப்பலேறியிருக்கக்கூடும்!

வியப்புக்குரிய செய்தி இதுவன்று. நோய் நொடியின்றி ஆரோக்கியமாக நிற்கும் அகில் மரத்திற்கு மணமே கிடையாது. அதன் கட்டை வெளிறியது, எடையற்றது, விறகுக்குக்கூடச் சிறந்ததன்று. மரத்தில் காயம்பட்டு, பூச்சி துளைத்து, அந்தப் புண்ணின் வழியே ஒருவகைப் பூஞ்சணம் உட்புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறப் பிசின் ஒன்றைச் சுரக்கின்றது. ஆண்டுகள் பல கடந்து அந்தப் பிசின் கட்டைக்குள் ஊறி, அதனைக் கருமையாகவும் கனமாகவும் ஆக்குகின்றது. பிசின் நன்கேறிய கட்டையை நீரிலிட்டால் மூழ்கிவிடும். வியாபாரிகள் தரம் பார்க்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. அந்தக் கட்டையையும் சும்மா வைத்திருந்தால் வாசனை இலேசாகத்தான் இருக்கும். கனலின்மேல் வைத்தபின்னரே தன் முழு மணத்தை வெளியிடும். புண்பட்டதனால் விளைந்து, நெருப்புப் பட்டதனால் வெளிப்படும் மணம் இது. “பெரிய மனுஷங்க போடுறது” என்று வியாபாரி சொன்னதில், அவரும் அறியாத ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது. துன்பம் படாமல் கனம் பெற்ற மனிதரை நாம் எங்கே கண்டோம்?

மனிதனின் பேராசையால் இம்மரம் இன்று அருகிவிட்டது. எந்த மரத்தின் உள்ளே பிசின் உண்டென்று வெளியிலிருந்து அறிவது கடினமாகையால், ஒன்றைத் தேடி ஒன்பதை வெட்டினர். அஸ்ஸாமின் அகில் இனத்தை 1995-இலும், அதன் வகைகள் அனைத்தையும் 2005-இலும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது வடகிழக்கில் வீட்டுக் கொல்லைகளிலும் தோட்டங்களிலும் நட்டு வளர்த்து, தாமே துளையிட்டுப் பூஞ்சணம் ஏற்றிப் பிசின் எடுக்கின்றனர். கட்டையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, பல நாள்கள் நீரில் ஊறவைத்து, வாலையில் காய்ச்சி எண்ணெய் இறக்குகின்றனர். ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம், நல்ல ஊது எண்ணெயின் விலை சாமானியக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. ஆகவே நம் ஊர்களில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரசாயனக் கலவைகளே. கலவை என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. வெளிறிய கட்டைக்குக் கருஞ்சாயம் ஏற்றி அசல் அகில் என்று விற்பவர், தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரை அண்ணலார் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாற்றை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஊது அத்தர்ப் புட்டிகளோடு வரும் சில துண்டறிக்கைகளில், ‘அல் ஊதுல் ஹிந்தி’யில் ஏழு நிவாரணங்கள் உள்ளன என்ற நபிமொழியை அச்சிட்டு, அதனை இந்த அகிலுக்கு உரியதாக்கிக் காட்டுகின்றார்கள். உம்மு கைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீது புகாரியில் உள்ளது உண்மையே. ஆனால் அங்கே குறிக்கப்படுவது ‘குஸ்து’ என்னும் வேர். நம் சித்த வைத்தியர்கள் கோஷ்டம் என்பார்களே, அது. இமயமலைப் பகுதியில் விளையும் மருந்துச் சரக்கு அது. ஹதீது அறிஞர்கள் இந்த விளக்கத்தை அப்போதே எழுதி வைத்துள்ளார்கள். நறும்புகைக்கு உரிய அகிலுக்கு ஹதீதுகளில் வரும் பெயர் ‘அலுவ்வா’. சுவனத்தில் முதலில் நுழையும் கூட்டத்தாரின் தூபக்கால்களில் இந்த அலுவ்வாவே இருக்கும் என்றும், அவர்களுடைய வியர்வை கஸ்தூரியாக இருக்கும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அலுவ்வாவைத் தனியாகவோ, அதனுடன் கற்பூரம் இட்டோ புகைத்து நுகர்ந்து, நபியவர்களும் இவ்வாறே செய்தார்கள் என்று கூறியதை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். இவ்வளவு சிறப்பிருக்க, இல்லாத சிறப்பை ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

ஹிஜ்ரி 179-இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவில் ஹதீதுப் பாடம் நடத்த அமருமுன் குளித்து, நல்லாடை உடுத்தி, நறுமணம் பூசிக்கொள்வார்கள். பாடம் முடியும்வரை அவையில் ஊது புகைந்துகொண்டே இருக்கும். பிற பாடங்களுக்கு அவர்கள் இவ்வாறு செய்வதில்லை. மஸ்ஜிதுந் நபவியில் தூபமிட்ட தொண்டின் காரணமாகவே ‘அல் முஜ்மிர்’, தூபமிடுபவர், என்ற பட்டத்தோடு ஹதீது நூல்களில் இடம்பெற்ற நுஐம் என்பாரும் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் பயின்றவர் அவர். பள்ளியில் புகைபோட்ட ஒருவரின் பெயர் தொழிலோடு சேர்ந்தே இன்றுவரை ஓதப்படுகின்றது.

இனித் திண்டுக்கல்லுக்கு இறங்குவோம். 1755-இல் ஹைதர் அலி ஃபவுஜ்தாராக வந்தமர்ந்த ஊர் இது. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால்தான் பேகம்பூர் என்று வழங்குவதாக ஊரார் கூறுவர். இவ்வூருக்கு இரு பெருந்தொழில்கள்: ஒன்று பூட்டு, மற்றொன்று தோல். இரண்டுக்கும் மணத்தோடு தொடர்புண்டு!

நல்ல தோழனுக்குக் கஸ்தூரி வைத்திருப்பவனையும், தீய தோழனுக்குக் கொல்லனின் துருத்தி ஊதுபவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாக்கினார்கள். முன்னவன் அருகிலிருந்தால், அவன் தராவிட்டாலும், நாம் வாங்காவிட்டாலும், நறுமணமாவது கிட்டும். பின்னவன் அருகிலிருந்தால் ஆடை கருகும், அல்லது கெட்ட வாடை சேரும். அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிப்பது இது. இந்த ஹதீதைக் கேட்டுவிட்டு, பூட்டுப் பட்டறைகளில் இரும்போடும் அரத்தோடும் பாடுபடும் தொழிலாளிகளைத் தாழ்வாக நினைப்போர் உண்டு. பெருந்தவறு! உவமை நட்பைப் பற்றியது; தொழிலைப் பற்றியதன்று. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளகச் செய்து, கவசம் செய்யும் கலையைக் கற்றுக்கொடுத்ததைத் திருமறை புகழ்ந்துரைக்கின்றது. 2019-இல் திண்டுக்கல் பூட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமை புகையில் கருத்த கைகளுக்கே உரியது.

தோலின் கதை இதனினும் ஆழமானது. பழைய முறையில் தோலைப் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளைப் பயன்படுத்தினார்கள். பச்சைத் தோலின் வாடை பொறுக்க இயலாதது. பதப்பட்ட தோலின் மணமோ, மரப்பட்டையும் இலேசான புகையும் கலந்தாற்போன்ற ஒன்று. இன்று மேனாட்டு வாசனைத் திரவியக்காரர்கள் ‘தோல் மணம்’ என்று பெயரிட்டு மிகுந்த விலைக்கு விற்பதும் அதைத் தழுவியதே. நம்மூர்த் தோல்ஷாப்பில் வேலை பார்ப்பவர் சட்டையில் இலவசமாக ஒட்டிக்கொள்வதை அங்கே கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள்! பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடுகின்றது என்பது நபிமொழி. செத்த ஆட்டின் தோலையும் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவமும் உண்டு. அசுத்தத்தைச் சுத்தமாக்கும் தொழில் இது.

ஆனால் நாம் நடந்துகொள்ளும் முறை எப்படி? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நான் கண்டது. தோல்ஷாப்புத் தொழிலாளி ஒருவர் ஜும்ஆவுக்கு எப்போதும் தாமதித்தே வருவார். செருப்புகள் கழற்றுமிடத்தை அடுத்த வெளித் திண்ணையிலேயே நின்று தொழுதுவிட்டுச் செல்வார். உள்ளே இடமிருந்தது. காரணம் கேட்டேன். “குளிச்சுட்டுத்தான் வர்றேன் ஹஜ்ரத். ஆனாலும் கையிலே வாடை போகமாட்டேங்குது. போன மாசம் பக்கத்திலே நின்னவர் ஸஃப்பை விட்டுத் தள்ளிப் போயிட்டார். அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார். தள்ளிப் போனவர் ஊது அத்தர் மணக்க மணக்க வருபவர்.

அந்தத் தொழிலாளியிடம் நான் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைச் சொன்னேன். ஜும்ஆக் குளிப்பு கடமைதானா என்று இராக்கிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, அது தொடங்கிய விதத்தை அவர்கள் விவரித்தார்கள். ஆரம்ப கால முஸ்லிம்கள் வறியவர்கள், கம்பளி உடுத்தியவர்கள், முதுகில் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள். பள்ளியோ சிறியது, கூரை தாழ்ந்தது. கோடைநாள் ஒன்றில் அவர்கள் வியர்த்து, ஒருவர் வாடை மற்றவருக்குத் தொல்லையாயிற்று. அதனை உணர்ந்த அண்ணலார் (ஸல்) அவர்கள், இந்நாள் வந்தால் குளித்து வாருங்கள், உங்களிடம் இருப்பவற்றுள் நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகக் கூறினார்கள். ஒருவரையும் பெயர் சொல்லவில்லை, வெளியே நிறுத்தவில்லை, உழைப்பைக் குறை கூறவில்லை. வெள்ளிக்கிழமை அத்தரின் பிறப்பே சுமைதூக்கிகளின் வியர்வையிலிருந்துதான்! அதை அறியாமல், வியர்ப்பவரை விலக்க அத்தரைப் பயன்படுத்துகிறோம்.

அடுத்த வாரமும் அவர் திண்ணையில்தான் நின்றார். அதற்கடுத்த வாரம் நான் மிம்பரில் ஏறுமுன் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் நிறுத்தினேன். என் கையிலிருந்த சந்தன அத்தரை அவர் கையில் தடவினேன். நறுமணம் கொடுத்தால் மறுக்கலாகாது என்பது நபிவழி; அதனால் அவரும் மறுக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களின் முகம் எப்படியிருந்தது என்பதை எழுதாமல் விடுகின்றேன்.

தொழிலாளியின் கையில் ஒட்டிய வாடையைப் பேசும் நாம், தண்ணீரில் கலந்த நஞ்சையும் பேசியாக வேண்டும். 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் தொழிற்சாலைகளைக் குறித்து வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல்ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நிலத்தடி நீரும் வயல்களும் கெட்டுப்போனதே காரணம். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. தவறு செய்தோர் எல்லாரும் ஒரே சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் தோல் வணிகத்தில் நம்மவர் பங்கு பெரிது என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்தவன் கிணற்றைக் கெடுத்துவிட்டு ஜும்ஆவுக்கு ஊது பூசி வருபவரின் சட்டையில் எந்த மணம் இருக்கின்றது என்று யஃகூப் (அலை) அவர்களைப் போன்ற ஒரு மூக்கிற்குத்தான் தெரியும்.

மணத்திலும் அளவு வேண்டும். பச்சை வெங்காயமோ பூண்டோ தின்றவர் பள்ளிக்கு வந்து பிறரைத் துன்புறுத்த வேண்டாமென்பது நபிமொழி. அவற்றை உண்ண விரும்புவோர் சமைத்து அதன் வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே சின்ன வெங்காயச் சந்தைக்கும் பிரியாணிக்கும் பேர்போன திண்டுக்கல்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர் பிறருக்குத் தொல்லை தராமை. மூச்சிரைப்பு நோயாளி பக்கத்தில் நிற்கும்போது புட்டியைக் கவிழ்த்தாற்போல் ஊது பூசி நிற்பவரும் இதனைச் சிந்திக்க வேண்டும். சாராயம் கலந்த மேனாட்டு வாசனைத் திரவியங்கள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. மகளிர் வீட்டினுள் நறும்புகை போடுவதற்கும் பூசுவதற்கும் தடையில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மணத்தை நேரில் அறிந்தோர் சொன்னது என்ன? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அண்ணலாரின் நறுமணத்தைவிடச் சிறந்த கஸ்தூரியையோ அம்பரையோ தாம் நுகர்ந்ததில்லை என்றார்கள். எனக்கு அதனினும் நெருக்கமாகப் படுவது ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அவர்களின் நினைவு. அவர்கள் அப்போது சிறுவர். தொழுகை முடிந்து நபியவர்கள் வீட்டிற்குப் புறப்பட்டார்கள். வழியில் பிள்ளைகள் எதிர்ப்பட, ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் தடவிக் கொடுத்தார்கள். ஜாபிரின் கன்னத்தையும் தடவினார்கள். அந்தக் கை குளிர்ந்திருந்தது; அத்தர்க்காரரின் பேழைக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்தாற்போல் மணத்தது. முதிர்ந்த பின்னும் அவர்கள் இதனை எடுத்துரைத்தார்கள். நுகர்ச்சி நரம்பு, மூளையில் நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை நேரே சென்றடைகின்றது என்று இக்கால மருத்துவர்கள் கூறுவது இதற்குப் பொருத்தமாயிருக்கின்றது. ஒரு குழந்தையின் கன்னத்தைத் தடவிய கை என்பதால்தான் அந்த மணம் ஒருவர் ஆயுள் முழுதும் நிலைத்தது போலும்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஊதும் சாம்பிராணியும் எதை நினைவூட்டுகின்றன? பெருநாளையும் நினைவூட்டலாம், பெரும்பாலும் மய்யித்து வீட்டையே நினைவூட்டுகின்றன. பாட்டனார் மறைந்த அன்று கட்டிலடியில் புகைந்தது அதுதான் என்று, பின்னர் எந்த விருந்தில் அது மணந்தாலும் கண் கலங்குவோர் உண்டு. அதற்காகத் துக்கத்திலேயே தங்கிவிடவும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. தம் தந்தை அபூஸுஃப்யான் (ரலி) மறைந்து மூன்று நாள்கள் கழிந்ததும், அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் மஞ்சள் நிற நறுமணப் பூச்சு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தம் கன்னங்களில் தடவிக்கொண்டார்கள். தமக்கு இப்போது நறுமணத்தின்மேல் நாட்டமில்லை என்றும், கணவனைத் தவிர வேறு எவருக்காகவும் ஒரு பெண் மூன்று நாளைக்கு மேல் துக்கம் கொண்டாடலாகாது என்று நபியவர்கள் கூறக் கேட்டதனாலேயே இவ்வாறு செய்வதாகவும் சொன்னார்கள். மனத்தில் மணமில்லாத நாளிலும் கன்னத்தில் மணம் தடவிய அந்தப் பெருமாட்டியை, தந்தையை இழந்த நம் பெண்மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தம் இறுதிக்காக விட்டுச் சென்ற சொல்லும் இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ளது. தாம் இறந்தபின் தம் ஆடைகளுக்கு நறும்புகை காட்டுமாறும், உடலுக்கு மணம் பூசுமாறும் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு, தம் ஜனாஸாவைத் தொடர்ந்து நெருப்பை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சந்தூக்கோடு ஊதுபத்திக் கொத்தைக் கொளுத்திக் கபரஸ்தான்வரை ஏந்திச் செல்லும் வழக்கம் நம் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் இருக்கின்றது. வீட்டிலேயே கஃபனுக்குப் புகை காட்டி முடித்து, சட்டியை வாசலோடு இறக்கி வைத்துவிட்டு நடப்பதே அஸ்மா (ரலி) அவர்கள் காட்டிய வழி.